சப்போர்ட் ஆகாதுங்

கேரள எல்லையில் இருக்கும் வாளையார் செக்போஸ்ட்டுக்கு ஏதோ ஒரு சக்தி இருக்கிறது. அதைத் தாண்டி அந்தப் பக்கம் போகிற கம்ப்யூட்டருக்கு மட்டும் லினக்ஸ் புரிகிறது. கஞ்சிக்கோட்டில் ஓடுகிறது, பாலக்காட்டில் ஓடுகிறது, சித்தூர் தாலுகாவில் தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கும் அரசுப் பள்ளியிலும் ஓடுகிறது. அதே சீனத் தொழிற்சாலையில் அதே வாரம் பெட்டியில் அடைபட்டுக் கிளம்பிய இன்னொரு கம்ப்யூட்டர், மதுக்கரைக்கு இந்தப் பக்கம் இறங்கியதும் மூர்ச்சையாகிவிடுகிறது. கோவை காந்திபுரத்தில் கடை கடையாக ஏறி இறங்கிக் கேளுங்கள், ஒரே பதில்தான்: "லினக்ஸெல்லாம் சப்போர்ட் ஆகாதுங்ணா."

ஒருவனுக்கு இல்லை என்று சொல்வதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல நம் ஊரில்தான் முடியும். கேட்டவனும் நன்றி சொல்லிவிட்டு விண்டோஸோடு வீட்டுக்குப் போகிறான்.

கேரளத்தில் நடந்தது மந்திரமில்லை. 2001இல் பள்ளிகளுக்கென்று ஐடி அட் ஸ்கூல் என்றொரு திட்டத்தைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் விண்டோஸை இறக்கி வைத்துவிட்டு அரசுப் பள்ளிகளை லினக்ஸுக்கு மாற்றினார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், எஸ்.எஸ்.எல்.சி.யில் ஐடியைத் தேர்வுப் பாடமாக்கினார்கள். 2017இல் அந்தத் திட்டமே கைட் என்ற அரசு நிறுவனமானது. பிறகு 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்குகிறோம் என்று லேப்டாப்பும் புரொஜக்டருமாக வாங்கிக் குவித்தார்கள். உபுண்டுவை அடிப்படையாக வைத்து அவர்களே தயாரித்த லினக்ஸ் அவற்றில் ஓடுகிறது. சப்போர்ட் ஆகாது என்று அங்கே எந்தக் கம்பெனியும் கையை விரிக்கவில்லை. விரித்தால் ஆர்டர் போய்விடும். எந்த ஓ.எஸ். ஓடப்போகிறது என்று வாங்குகிறவன் முதலிலேயே முடிவு செய்துவிட்டால், விற்கிறவன் அதற்குத் தோதான சிப்பைத் தேடி மாட்டி எடுத்துக்கொண்டு வருகிறான். இதற்கு ஐ.ஐ.டி. மூளை தேவையில்லை. வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தையில் நிற்கிறவருக்கும் தெரிந்த வியாபாரம்தான்.

சப்போர்ட் ஆகாது என்று சொல்லும் கடைக்காரரின் சட்டைப் பையைப் பாருங்கள். உள்ளே ஆண்ட்ராய்டு போன். அதன் அடியில் ஓடுவது லினக்ஸின் கருவான கெர்னல். அவர் தலைக்கு மேல் சிமிட்டிக்கொண்டிருக்கும் வைஃபை ரவுட்டரிலும், நம்மைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும் சிசிடிவி பெட்டியிலும் பெரும்பாலும் அதுவேதான். 2017 நவம்பரிலிருந்து உலகத் தரவரிசையில் இருக்கும் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. நம் பிள்ளைகள் படித்து முடித்து டைடல் பார்க்கில் வேலைக்குச் சேர்ந்து தொடப்போகிற சர்வர்களில் பெரும்பாலானவையும் அதுதான். இத்தனையிலும் ஓடுவது, நாற்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பில் மட்டும் ஓடாதாம்.

சில லேப்டாப்பில் ஓடாது என்பது உண்மைதான். ஏன் ஓடவில்லை, யார் கேட்காததால் ஓடவில்லை என்பதுதான் விவகாரம்.

தமிழ்நாட்டுக்கு இது தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேரளம் மாறிக்கொண்டிருந்த அதே காலத்தில் எல்காட் என்ற அரசு நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தவர் சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ். ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன்னால் எல்காட் அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். 2007 வாக்கில் அரசுப் பள்ளிகளுக்கென்று சுமார் 30,000 கம்ப்யூட்டர்கள் சூசே லினக்ஸோடு ஆர்டர் ஆயின. பெரிய கம்பெனிகள்தான் போட்டி போட்டுக் கொடுத்தன. அப்போது எந்தச் சிப்பும் மூர்ச்சையாகவில்லை. பிறகு அதிகாரி மாற்றலாகிப் போனார். அவருடைய நாற்காலியில் ஒட்டியிருந்த கொள்கையும் அவரோடு லாரி ஏறிவிட்டது.

அடுத்து வந்தது 2011. செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. ஆண்டுக்காண்டு கொடுத்து, ஐம்பது லட்சத்துக்கும் மேல் லேப்டாப், ஏழாயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் செலவு. இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஐம்பது லட்சம் லேப்டாப் வாங்குகிற ஒருவன், உலகத்தில் எந்தச் சிப் கம்பெனியின் வாசலில் போய் நின்றாலும் முதலாளியே இறங்கி வந்து காபி கொடுப்பார். "உன் வைஃபை சிப்புக்கு லினக்ஸ் டிரைவரை வெளியிடு, இல்லாவிட்டால் அடுத்த லாட்டில் உன் சிப்பு இருக்காது" என்று ஒரு வரி சொல்லியிருந்தால், சிப்பை இயக்கும் அந்த டிரைவர் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்து, பிரேசிலில் படிக்கிற பையனுக்கும் பயன்பட்டிருக்கும். நாம் என்ன செய்தோம்? ஒரே லேப்டாப்பில் விண்டோஸையும் போட்டு, பக்கத்தில் மத்திய அரசின் சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தோம். விண்டோஸ் கம்பெனிக்குக் காசும் போயிற்று, சுதேசி மென்பொருள் கொடுத்தோம் என்ற பேரும் வந்துவிட்டது. எந்த அமைச்சருக்கும் எந்தக் கம்பெனிக்கும் மனம் கோணவில்லை.

பாஸ் பக்கம் எட்டிப் பார்த்த மாணவர்கள் எத்தனை பேர்? நான் பார்த்தவரை, ஹார்டு டிஸ்க்கில் சினிமாவுக்கு இடம் போதவில்லை என்று முதலில் காலி செய்யப்பட்டது அந்தப் பகுதிதான். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத ஒன்றை, பாடத்தில் கேட்காத ஒன்றை, பக்கத்து பெஞ்சுக்காரனும் திறக்காத ஒன்றை அவர்கள் ஏன் திறக்க வேண்டும்? டெண்டரில் ஒரு கட்டம் இருந்தது, அதில் டிக் விழுந்தது, அத்தோடு லினக்ஸின் வேலை முடிந்தது.

2014 ஏப்ரல் 8இல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவை நிறுத்தியது. உடனே அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. அந்த உத்தரவை எதில் டைப் அடித்திருப்பார்கள் என்று யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த ஆண்டு, 2015இல், மத்திய அரசும் தன் பங்குக்குக் கட்டற்ற மென்பொருள் கொள்கை ஒன்றை வெளியிட்டது. டெண்டர் விடும்போது கட்டற்ற மென்பொருளைக் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும், ஒதுக்கினால் காரணம் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆக, காகிதத்தில் நாம் லினக்ஸ் நாடு. ஏதாவது ஒரு தாலுகா ஆபீஸில் நுழைந்து எந்தத் திரையையாவது எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, அரசாங்கம் அப்படி, நாம் எப்படி? கொங்கு நாட்டுக்காரன் ஏமாளி இல்லை. எனக்கு எரிச்சலே அதில்தான்.

போர்வெல்லுக்கு சப்மெர்சிபிள் வாங்கப் போகிற அன்னூர் விவசாயியைப் பாருங்கள். போரு எத்தனை இஞ்சு, எண்ணூறு அடியா ஆயிரம் அடியா, எத்தனை ஸ்டேஜ், சிங்கிள் பேஸா த்ரீ பேஸா, காயில் முழுச் செம்புதானுங்களா, எரிஞ்சு போனா நம்மூர்லயே கட்டிக் குடுப்பாங்களா, ஸ்பேர் கணபதியில கிடைக்குமா, கோயமுத்தூருக்கு வெளிய எங்கயாச்சும் போகோணுமா என்று கடைக்காரருக்கு வேர்க்கும் வரை கேட்பார். பதில் சொல்லித் தீர வேண்டும், ஏனென்றால் பம்புசெட்டில் தகடு அடித்திருக்கிறது. எத்தனை குதிரைத்திறன், எத்தனை வோல்ட், எவ்வளவு ஆம்பியர் இழுக்கும், எவ்வளவு ஹெட்டுக்கு எவ்வளவு தண்ணீர் தரும், எல்லாம் அதில் உண்டு. ஐ.எஸ். 8034 என்று இந்தியத் தர எண்ணும் உண்டு. காயில் எரிந்தால் பீளமேட்டிலோ சிங்காநல்லூரிலோ பத்தாவது படித்த ஒரு தம்பி பிரித்துப் பார்த்து, எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி என்று எண்ணி மறுநாள் ஓட வைத்துவிடுவான். மோட்டார் கம்பெனிக்கு அவன் கடிதம் எழுதி அனுமதி வாங்குவதில்லை.

அதே விவசாயி தன் மகளுக்கு அறுபதாயிரத்தில் லேப்டாப் வாங்க வரும்போது கேட்கிற ஒரே கேள்வி: "பேக் ஃப்ரீங்களா?"

பேக் ஃப்ரீதான். அதற்குள் இருப்பதற்குத்தான் தகடு கிடையாது. பெட்டியில் புராசஸர் பெயர் பளபளவென்று ஒட்டியிருக்கும். வைஃபை 6 என்று இருக்கும். அந்த வைஃபை சிப்பு யார் தயாரித்தது, என்ன நம்பர் என்று இருக்காது. ஒரே மாடல் நம்பர் போட்ட இரண்டு பெட்டிகளுக்குள் இரண்டு வேறு கம்பெனிச் சிப்புகள் இருக்கலாம். முன்னறிவிப்பின்றி மாற்றத்துக்குட்பட்டது என்று எறும்பு எழுத்தில் அச்சடித்துவிட்டால் எல்லாப் பாவமும் தீர்ந்துவிடும். இன்டெல் வைஃபையாக இருந்தால் லினக்ஸில் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இல்லை. ஏ.எம்.டி. கிராபிக்ஸாக இருந்தால் டிரைவர் கெர்னலிலேயே உண்டு. விலை மலிவான லேப்டாப்புகளில் ஏராளமாக வந்த ரியல்டெக் 8821சிஇ சிப்புக்குக் கெர்னலிலேயே ஆதரவு வந்தது 2020இல், 5.9 பதிப்பில். அதற்கு முன் வாங்கியவர்கள் எங்கெங்கோ தேடித் தாங்களே டிரைவர் கட்டிக்கொண்டார்கள். மீடியாடெக் எம்டி7902 வந்த லேப்டாப்பை லினக்ஸுக்கென்று வாங்கியவர்களின் கதை இன்னும் மோசம். பல ஆண்டுகளாக டிரைவரே இல்லாமல், பக்கவாட்டில் யு.எஸ்.பி. வைஃபை குச்சி ஒன்றைச் செருகிக்கொண்டுதான் பிழைத்தார்கள். கைரேகை சென்சார், சில புது மாடல்களின் கேமரா, என்விடியா கார்டு என்று பட்டியல் இன்னும் நீளும்.

என்விடியா மேல் லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸுக்கே கோபம் வந்தது. 2012இல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக மேடையில் கேமராவைப் பார்த்து நடுவிரலை நீட்டினார். உலகமே பார்த்தது. பத்து ஆண்டு கழித்து, 2022இல், அந்த நிறுவனம் தன் கெர்னல் மாட்யூல்களைத் திறந்துவிட்டது. நமக்குக் கோபப்படும் வழக்கமெல்லாம் இல்லை. "பரவால்லீங், விடுங்" என்று சொல்லிவிட்டு, பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிடுவோம்.

வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. லினக்ஸை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துப் போய், லேப்டாப்பில் செருகி, எதையும் நிறுவாமலே அதிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் தூக்கம் தெளிகிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இதைக் கடையில் சொல்லிப் பாருங்கள்.

"சீல் பிரிச்சா வாரண்டி போயிருங்ணா."

"டெமோ பீஸ்ல பாக்கறனுங்களே?"

"பென்டிரைவ் போட்டா வைரஸ் ஏறிருங். எங்களுக்கு அனுமதி இல்லீங்."

வைரஸுக்கு இப்படி அஞ்சி நடுங்கும் அதே மேஜையின் டிராயரில் இன்னொரு பென்டிரைவ் கிடக்கும். ஓ.எஸ். இல்லாமல், வெறும் டாஸ் போட்டுக் கொஞ்சம் மலிவாக வருகிற லேப்டாப்புகளுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு விண்டோஸ் போட்டுத் தருகிற பென்டிரைவ் அது. கிராக் செய்த விண்டோஸ், கிராக் செய்த ஆபீஸ், கிராக் செய்த ஆன்டிவைரஸ். திருட்டுச் சரக்கு தாராளமாகச் சப்போர்ட் ஆகும். சட்டப்படி இலவசமாகக் கிடைப்பதுதான் ஆகாது. டெல் நிறுவனம் உபுண்டு போட்ட லேப்டாப்புகளை இந்தியக் கடைகளில் விற்ற காலம் ஒன்று உண்டு. அவற்றை வாங்கியவர்களில் எத்தனை பேர் உபுண்டுவுக்காக வாங்கினார்கள்? விலை குறைவு என்று வாங்கி, கடை வாசலைத் தாண்டுவதற்கு முன்பே அதை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் ஏற்றியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கம்பெனிக்காரன் இதையெல்லாம் கணக்குப் போடாமலா இருப்பான்? லினக்ஸுக்கு இங்கே ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். எழுதிக் கொடுத்தது நாம்தான்.

ஒழுங்காகக் காசு கொடுக்கிறவனுக்கும் நியாயம் இல்லை. லேப்டாப் பில்லில் விண்டோஸுக்கு எவ்வளவு என்று தனியாக இருக்காது. வேண்டாம் என்றாலும் கழித்துக் கொடுக்க மாட்டார்கள். இத்தாலியில் ஒருவர் விடவில்லை. லெனோவோ லேப்டாப்பில் வந்த விண்டோஸைத் திருப்பி எடுத்துக்கொள், அதற்குரிய 42 யூரோவைக் கொடு என்று கேட்டு நீதிமன்றம் போனார். அந்தத் தொகை கிடைத்ததோடு, இழுத்தடித்ததற்காக 20,000 யூரோ நஷ்ட ஈடும் கொடுக்கச் சொல்லி 2020 டிசம்பரில் மோன்ஸா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்மூரில் பில்லே வேண்டாம், ஜி.எஸ்.டி. மிச்சம் என்கிற ஆளிடம் போய் இந்தக் கதையைச் சொன்னால் சிரிப்பார்.

2025 அக்டோபர் 9ஆம் தேதி கோவை அவினாசி ரோட்டில் பத்து கிலோமீட்டர் நீள மேம்பாலத்தைத் திறந்து அதற்கு ஜி.டி.நாயுடு பெயரை வைத்தார்கள். யார் அவர்? வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் காசு சேர்த்து வாங்கி, அக்கக்காகப் பிரித்து மறுபடி பூட்டி, அதிலேயே தொழில் கற்றுக்கொண்ட மனிதர். இந்தியாவில் உள்நாட்டிலேயே மோட்டார் தயாரித்த முதல் ஊர் என்று 1937ஐக் காட்டி இந்த நகரம் இன்றும் மீசை முறுக்குகிறது என்றால் அதிலும் அவர் கை உண்டு. பிரித்துப் பார்க்க முடியாத இயந்திரத்தை அவர் காசு கொடுத்து வாங்கியிருப்பாரா?

பாலம் திறந்த ஐந்தாம் நாள், அக்டோபர் 14ஆம் தேதி, மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கு மூடுவிழா நடத்தியது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஓராண்டு கருணைக் காலம், அவ்வளவுதான். விண்டோஸ் 11 வேண்டுமா? டி.பி.எம். 2.0 சிப்பு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். இந்தக் கணக்கில், தமிழக அரசு முதல் ஐந்தாறு ஆண்டுகளில் கொடுத்த லேப்டாப் அத்தனையும் தகுதியிழந்துவிட்டன. திருப்பூர் பனியன் கம்பெனிகளில், கருங்கல்பாளையம் ஆடிட்டர் ஆபீஸில், உடுமலை செராக்ஸ் கடையில் ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கம்ப்யூட்டர்களும் அதே கதி. கீபோர்டு தேயவில்லை, ஃபேன் நிற்கவில்லை, ஒரு காயிலும் எரியவில்லை. மைக்ரோசாஃப்டின் ரெட்மண்ட் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவன் இனி இது பழசு என்றதும், காயில் கட்டத் தெரிந்த ஊர், கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போடத் தயாராகிவிட்டது. அத்தனையிலும் லினக்ஸ் வழுவழுவென்று ஓடும். பழைய சிப்பு என்றால் டிரைவர் எல்லாம் எப்போதோ எழுதி முடிந்திருக்கும். லினக்ஸுக்கு மிகவும் பொருத்தமான கம்ப்யூட்டர் எது என்று என்னிடம் கேட்டால், போன மாதம் காயலான் கடையில் போட்டீர்களே, அதுதான் என்பேன்.

பிரிண்டர் கதை தனி. கலெக்டர் ஆபீஸ் எதிரிலும் பத்திரப்பதிவு ஆபீஸ் பக்கத்திலும் இருக்கும் டைப்பிங் சென்டர்களில் குனிந்து பார்த்தால், பத்துக்கு ஐந்திலாவது கேனான் எல்.பி.பி. 2900 தெரியும். உழைப்பாளி பிரிண்டர், சந்தேகமில்லை. ஆனால் அதற்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியாது. ஒவ்வொரு புள்ளியையும் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு அனுப்ப வேண்டும். அனுப்பும் பாஷைக்குக் கேப்ட் என்று பெயர், அது கம்பெனியின் வீட்டு பாஷை. லினக்ஸுக்கென்று கம்பெனி கொடுத்த டிரைவரை நிறுவி முடித்தவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தால் கண்ணீர் மல்கக் கட்டிக்கொள்வார்கள். அந்தப் பாஷையை வெளியிலிருந்து ஒட்டுக்கேட்டுப் புரிந்துகொண்டு சிலர் தாங்களாகவே டிரைவர் எழுதினார்கள். இன்னொரு பக்கம், பில் அடிக்கிற கிடங்குகளில் கிர்ர்ரென்று காதைக் கிழிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைப் பாருங்கள். அதன் பாஷை எண்பதுகளிலேயே புத்தகமாக அச்சிட்டுக் கொடுக்கப்பட்டது. இன்றைய லினக்ஸில் செருகினாலும் மூச்சுக் காட்டாமல் அடிக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். அந்த வகை பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவரே கேட்பதில்லை.

அப்புறம் ஆடிட்டர். லினக்ஸுக்கு மாறுகிறேன் என்று ஒரு பட்டறை முதலாளி சொன்னால் முதலில் அலறுவது அவர்தான். டாலி விண்டோஸில்தான் ஓடும். அது தனியார் கம்பெனி, அவர்கள் இஷ்டம் என்று விட்டுவிடலாம். வருமான வரித் துறை கொடுக்கிற எக்செல் படிவம் யார் இஷ்டம்? மேக்ரோ இல்லாமல் அது அசையாது. லிப்ரே ஆபீஸில் திறந்தால் சிலையாக நிற்கும். அந்தப் படிவத்தை நிரப்ப வருகிறவனிடம் முதலில் அமெரிக்கக் கம்பெனிக்குக் கட்டிவிட்டு வா என்பதை ஒரு அரசுத் துறை முகம் சிவக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. கட்டற்ற மென்பொருள் கொள்கை வெளியிட்டதும் இதே அரசுதான்.

ஆனால் கோர்ட்டுக்குள் போங்கள். உச்ச நீதிமன்றத்தின் இ-கமிட்டி மாவட்ட நீதிமன்றங்களுக்கென்று தேர்ந்தெடுத்தது உபுண்டுவை. நீதிபதிகளுக்கே உபுண்டுவில் பயிற்சி நடத்தினார்கள். உள்ளே உட்கார்ந்து தீர்ப்பு எழுதுவதற்கு லினக்ஸ் போதுமானதாக இருக்கிறது. வெளியே புளியமரத்தடியில் வாய்தா மனு அடிக்கத்தான் விண்டோஸ் இல்லாமல் முடியாதாம்.

கல்லூரிகளை விட்டுவிட மனம் வரவில்லை. தடுக்கி விழுந்தால் இன்ஜினியரிங் காலேஜில்தான் விழ வேண்டும் என்கிற அளவுக்குக் கட்டி வைத்திருக்கிறோம். ஆபரேட்டிங் சிஸ்டம் லேப் என்று ஒரு பாடம். அதில் யூனிக்ஸ் கட்டளைகள், ஷெல் ஸ்கிரிப்ட், ஃபோர்க் எல்லாம் உண்டு. பல லேபுகளில் அதைச் செய்து பார்ப்பது விண்டோஸுக்குள் ஜன்னல் திறந்து, அந்த ஜன்னலுக்குள் லினக்ஸை அடைத்து வைத்து. லேபுக்கு நூறு கம்ப்யூட்டர் வாங்கும்போது துறைத் தலைவர் ஒரு பென்டிரைவோடு போய் ஒன்றை ஓட்டிப் பார்த்தாரா? பார்க்க மாட்டார். கொள்முதல் கமிட்டி பார்ப்பது எல்-1. யார் குறைந்த விலைக்குக் கொடுக்கிறான் என்பது ஒன்றுதான் அங்கே தொழில்நுட்பம். செமஸ்டர் ஃபீஸை லட்சத்தில் வாங்குகிற இடத்தில், பையன் கையில் ஒரு ஒரிஜினல் லினக்ஸ் கம்ப்யூட்டர் கொடுக்க வழியில்லை. விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதையே இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறது. கேம்பஸில் ஏ.சி. ஆடிட்டோரியம் இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இப்போது மறுபடி லேப்டாப் காலம். 2025 மார்ச் பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் இருபது லட்சம் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்து, முதல் கட்டத்துக்கு 2,000 கோடி ஒதுக்கினார்கள். கொடுக்கட்டும், நன்றாகக் கொடுக்கட்டும். இலவசத்தைக் கேலி செய்கிற வாட்ஸ்அப் மாமாக்களோடு எனக்குச் சகவாசம் இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு லேப்டாப் போய்ச் சேர்வதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வாங்குகிற விதத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

அடுத்த லாட்டிலாவது இதைச் செய்து பாருங்கள். டெண்டரில் ஒரு பத்தி சேருங்கள்: உள்ளே இருக்கும் வைஃபை, ஆடியோ, கேமரா, கைரேகைச் சிப்புகளின் பெயரும் நம்பரும் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் டிரைவர் பொதுவான லினக்ஸ் கெர்னலிலேயே இருக்க வேண்டும். லாட் முழுக்க அதே சிப்பு வர வேண்டும். லாரி வந்து இறங்கியதும் ஏதாவது ஐம்பது பெட்டியை உருவி எடுத்து, கோவையில் நான்கு பாலிடெக்னிக் மாணவர்களை உட்கார வைத்து, பென்டிரைவில் லினக்ஸ் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். வைஃபை பிடிக்காத லாட்டுக்கு பில் பாஸ் செய்யாதீர்கள். நூறு கோடி ரூபாய் பில் ட்ரெஷரியில் ஒரு வாரம் நிற்கட்டும்.

பத்தாம் நாள் தைவானிலிருந்து சிப் கம்பெனி இன்ஜினியரே விமானம் ஏறி வந்து, நந்தனத்தில் எல்காட் வாசலில் வெயிலில் நின்றுகொண்டு, எந்தெந்த மாடலுக்கு டிரைவர் வேண்டும் என்று கையில் பேப்பரோடு கேட்பார்.